காரை மொடிஃபிகேஷனுக்குக் கொடுக்க முன்னும் கொடுத்த பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளைப் பக்கம் ஒரு மொடிஃபிகேஷன் கடையில் ஒன்பது வருடம் கவுன்டரில் இருந்தவன் நான். ஸ்பானர் பிடித்தது குறைவு. காருக்கு என்ன வேலை என்று ஜொப் கார்ட் எழுதுவது, போன் எடுப்பது, கோபத்தோடு வருபவர்களுக்கு பிளேன்டீ வரவழைத்துக் கொடுப்பது, இவைதான் என் வேலை. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் காரைக் கொடுக்க முன்பும், கொடுத்துச் சண்டைப்பட்ட பின்பும் எனக்குத்தான் போன் எடுக்கிறார்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் புதுக் கார் வாங்க வழியில்லாதவர்கள் இருக்கிற காரைப் புதுசாக்கினார்கள். எனக்கு வந்த போன்களும் அப்போதுதான் கூடின. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. "தெரிஞ்ச ஆள் மூலம் போற கடைதானே அண்ணே. எழுத்துல எல்லாம் கேட்டா மனுசன் குறை நினைக்க மாட்டாரா?"

தெரிந்த ஆள் மூலம் போகும்போதுதான் எழுத்து கூடத் தேவை. தெரியாத கடையோடு பிரச்சினை வந்தால் அது கடையோடு முடியும். தெரிந்தவர் கூட்டிப்போன கடையோடு வந்தால், கடை ஒரு பிரச்சினை, கூட்டிப்போனவர் இன்னொரு பிரச்சினை, அவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதா விடுவதா என்பது மூன்றாவது.

ஏமாற்றவே வேண்டும் என்று இருந்த கடைக்காரரையும், காசு கொடுக்காமல் போகவே வந்த கஸ்டமரையும் நான் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவேன். மற்றச் சண்டை எல்லாம் "கொஞ்சம் லோ பண்ணி விடுங்க பாஸ்" ரகம். வேலை செய்கிற மெக்கானிக்கைத்தான் இங்கே பாஸ் என்பது; லோ பண்ணுவது என்றால் காரின் உயரத்தை இறக்குவது. சொன்னவருக்குக் கொஞ்சம் என்றால் ஒரு அங்குலம். கேட்டவருக்கு இரண்டரை.

2. "ஜொப் கார்ட்டில என்னென்ன இருக்க வேணும்?"

எங்கள் கடையில் ஒரு டொயோட்டா எக்சியோவுக்கு எழுதிய பழைய கார்ட் ஒன்றில் இருந்தது இவ்வளவுதான்: "வெள்ளை எக்சியோ, லோ, சைலன்சர், வியாழன்." எழுதினவன் நான். அதனால் வந்த வினையைப் பத்தாவது கேள்வியில் சொல்கிறேன்.

அதே வேலைக்கு ஒழுங்கான கார்ட் இப்படி இருக்கும்: சொந்தக்காரர் பெயர், வாகன இலக்கம், மீட்டரில் 84,312 கிலோமீட்டர், பெற்றோல் கால் டாங்கி. இடது பின்கதவில் கீறல், முன் பம்பர் கீழே உடைவு. முன்னும் பின்னும் 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங், இன்ன பிராண்ட், புதியது. பழைய ஸ்பிரிங் நான்கும் திருப்பித் தரப்படும். எலைன்மென்ட் (சில்லுக் கோணம் சரிசெய்வது) இந்த விலைக்குள் அடக்கம். சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு. இதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் கேட்ட பிறகுதான். இந்தக் கடைசி வரி இருந்தாலே பாதிச் சண்டை இல்லை.

கூடவே சாவியை ஓன் பண்ணி டாஷ்போர்ட்டை ஒரு வீடியோ எடுங்கள். எல்லா லைட்டும் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். கார் கடைக்குள் போக முன் எந்த லைட் எரிந்தது, எது எரியவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

3. "அந்தக் கடையில கார்ட் எல்லாம் இல்ல. பாஸுக்குத் தமிழும் தெரியாது, எனக்குச் சிங்களம் எழுத வராது."

வட்ஸ்அப் போதும். கார் படத்தில் வேலை செய்யும் இடத்தை வட்டம் போட்டு, சாமானின் பெயர், மில்லிமீட்டர், ரூபாய் மூன்றையும் தட்டி அனுப்புங்கள். இலக்கம் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பாஸ் "ஹரி" (சரி) என்று ஒரு சொல் போட்டால் போதும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இப்படியான பதிவுகளை ஏற்கிறது. வொய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஆறு மாதம் கழித்து நாற்பது வொய்ஸில் எது என்று நீங்களே தேடமாட்டீர்கள்.

4. "அட்வான்ஸ் எவ்வளவு குடுக்கலாம்? முழுக் காசையும் முதல்லயே கேக்கிறாங்க."

ஓர்டர் பண்ணி வரவேண்டிய சாமான் என்றால், சாமான் காசு முழுவதையும் கேட்பதில் பிழையில்லை. உங்கள் காருக்கென்று யப்பானில் இருந்து கொயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்தது) வரவழைத்த பிறகு "வேண்டாம், வீட்டில ஏசுறாங்க" என்று நீங்கள் நின்றுவிட்டால், அந்தச் செட் கடைக்காரர் தலையில்தான் விடியும். கூலியை மட்டும் முதலில் முழுக்கக் கொடுக்காதீர்கள். கார் கையில் வந்து, நீங்கள் ஓடிப் பார்க்கும்வரை ஒரு பகுதி உங்களிடம் இருக்கட்டும்.

விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் சில வாரத்தில் 300ஐத் தொட்டது. பழைய விலைக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்த கடைகள் வித்தியாசத்தை யார் தலையில் போடுவது என்று தெரியாமல் நின்றன. சில பேர் சாமானைப் பழைய விலைக்கே கொடுத்து நட்டப்பட்டார்கள். சில பேர் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். இரண்டு வகையும் எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

5. "பில் போட்டா 18 வீதம் வற் வரி வருமாம். பில் இல்லாம செய்தா குறையுமாம். நல்லதுதானே?"

இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறார்கள். வற் வரி அறவிடுவது அதற்குப் பதிவு செய்த வியாபாரி மட்டும். பதிவு இல்லாத சின்னக் கடை வற் இல்லாமலே ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தரலாம். கேட்டால் தரவேண்டியது கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் துண்டு இல்லையென்றால் நீங்கள் அந்தக் கடைக்குப் போனதற்கே அத்தாட்சி இல்லை. கடைசியில் முறைப்பாடு செய்யப் போகும்போது இந்தக் கேள்வியை நினைப்பீர்கள்.

6. "சாமானை நானே பஞ்சிகாவத்தையில வாங்கிக் குடுத்தா கூலி மட்டும்தானே. பிழைச்சா யார் பொறுப்பு?"

சாமான் பிழைத்தால் நீங்கள். பூட்டினது பிழைத்தால் கடை. கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் பாவித்த ஷொக் அப்சோபர் ஒன்று பூட்டி இரண்டு வாரத்தில் ஒயில் கசிந்தால், அது வாங்கும்போதே கசிந்ததா, பூட்டும்போது தண்டில் ஸ்பானர் கீறியதால் கசிந்ததா என்று யார் சொல்வது? அதனால் பூட்ட முன் சாமானை மேசையில் வைத்து பாஸும் நீங்களும் சேர்ந்து பாருங்கள். ஒரு படம் எடுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற பிழையைப் பார்த்தும் சொல்லாமல் பூட்டின கடைக்கும் பொறுப்பு உண்டு என்பேன். அலோய் வீல் நல்ல உதாரணம். டொயோட்டாவின் விட்ஸ், எக்வா, எக்சியோ எல்லாம் நான்கு நட், 100 மில்லிமீட்டர் வட்டம். ஹொண்டா வெசல் ஐந்து நட், 114.3. இது பிழைத்தால் ஏறவே ஏறாது, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து நடு ஓட்டையில் இருக்கிறது. ரிம்மின் ஓட்டை காரின் ஹப்பை (சில்லு உட்காரும் நடுமேட்டை) விடப் பெரிதாக இருந்தால் இடையில் ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டாலும் ஏறும், ஓடும், எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். வாங்கின உங்களுக்கு அது தெரிந்திருக்கத் தேவையில்லை. பூட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

7. "கழட்டின பழைய சாமான் யாருக்குச் சொந்தம்?"

உங்களுக்கு. வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒழிய.

இதில் பெரிய விளையாட்டு நடப்பது சைலன்சர் வேலையில். "ஃப்ரீயா மாத்தித் தாரன், பழையதை எனக்கு விடுங்க" என்று யாராவது சொன்னால், கூலியை விடப் பெறுமதியான ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. சைலன்சர் குழாயோடு வரும், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. அதை வாங்குவதற்கென்றே ஆட்கள் சுற்றுகிறார்கள். அது இல்லாமல் கார் புகைப் பரிசோதனையில் தவறினால் வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. பிறகு புதுசு தேடி அலையவேண்டியது நீங்கள்தான். பழையதைக் கையோடு வாங்கி, படிக்குக் கீழே சாக்கில் சுற்றி வையுங்கள். காரை விற்கும்போதும் உதவும்.

8. "கடைப் பெடியன் என்ட காரை ஓடிக்கொண்டு போறதை மச்சான் பம்பலப்பிட்டியில கண்டவனாம்!"

முதலில் மீட்டரைப் பாருங்கள். 84,312இல் கொடுத்த கார் 84,319இல் வந்தால் டெஸ்ட் ட்ரைவ். 84,376 என்றால் யாரோ களுத்துறைக்குப் போய்வந்திருக்கிறார்கள். பிரேக்கோ சஸ்பென்ஷனோ செய்துவிட்டு ஓடிப் பார்க்காமலே சாவி தருகிற கடைதான் எனக்குப் பயம். ஆகவே ஓடக்கூடாது என்று சொல்லாதீர்கள். யார் ஓடுவது, எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று கார்டில் போடச் சொல்லுங்கள்.

அந்த ஓட்டத்தில் எங்காவது இடித்தால், தன் ஆள் வேலை நேரத்தில் செய்ததற்கு முதலாளி பொறுப்பு. உங்கள் இன்சூரன்ஸ் அந்த ஓட்டுனரை ஏற்குமா என்பது வேறு கேள்வி. பொலிசியில் யார் ஓட்டலாம் என்ற பகுதியை இன்றைக்கே வாசியுங்கள். இடித்த பிறகு வாசிப்பதில் பிரயோசனம் இல்லை.

9. "லோ பண்ணி ரெண்டு மாசம். டயர் உள்பக்கம் மொட்டையாப் போச்சு. கடைக்காரர் ரோட்டைக் குறை சொல்றார்."

கொழும்பு ரோட்டைக் குறை சொல்ல எவ்வளவோ இருக்கிறது, ஆனால் இது ரோட் இல்லை. காரை இறக்கினால் சில்லின் சாய்வும் கோணமும் மாறும். அதைத் திரும்ப எலைன்மென்ட்டில் சரிசெய்யாவிட்டால் உள்விளிம்பு தேயும். இரண்டாம் கேள்வியில் சொன்ன கார்டில் "எலைன்மென்ட் அடக்கம்" என்று இருந்தால் கடை பதில் சொல்ல வேண்டும். அதற்கான மெஷின் பிரின்ட்டைக் கேளுங்கள். "நீங்க வெளியில செய்துகொள்ளுங்க" என்று எழுதியிருந்து நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால் டயர் காசு உங்களுடையது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: சில்லைக் கழட்டிப் பூட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். டொயோட்டா சின்னக் கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹொண்டாவுக்கு 108. திரும்பி வரச் சொல்லவேண்டியது கடை, வரவேண்டியது நீங்கள். எங்கள் கடையில் சொல்லிவிடுவோம். பத்துப் பேரில் மூன்று பேர்தான் வருவார்கள்.

10. "கார் என்ட பெயர்ல இல்ல. கடைக்குச் சொல்ல வேணுமா?"

அந்த வெள்ளை எக்சியோவைக் கொண்டுவந்தது இருபது வயதுத் தம்பி ஒருவர். ஸ்பிரிங்கும் மாற்றினோம், சைலன்சரும் மாற்றினோம், காசும் ரொக்கமாகத் தந்தார். மூன்றாம் வாரம் அவருடைய அப்பா டோஹாவில் இருந்து லீவில் வந்து, எங்கள் கவுன்டருக்கு முன்னால் நின்றார். "யாரைக் கேட்டு என்ட காரில கைவச்சனீங்க?" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கார்டில் சொந்தக்காரர் பெயரே இல்லை. பழைய சைலன்சரை அதற்கிடையில் கடையில் ஒருவர் விற்றிருந்தார். முதலாளி தன் காசில் வேறொன்று தேடிப் பூட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி இல்லாமல் பெரிய வேலை எடுப்பதில்லை என்று ஆனது. லீசிங் கார் என்றால் புத்தகத்தில் எப்சலூட் ஓனர் என்று லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கும். அவர்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும். அதைக் கடையில் மறைத்துச் செய்தால் பிறகு கடையைக் குறை சொல்ல இடமில்லை.

11. "பெயின்ட் இல்ல, ரெப் தானே ஒட்டப்போறன். அதுக்கும் புத்தகத்தில மாத்த வேணுமா?"

புத்தகத்தில் வெள்ளை, வீதியில் நீலம் என்றால் மறிக்கிற பொலிஸ்காரருக்கு பெயின்டா ஸ்டிக்கரா என்பது ஒரு பொருட்டில்லை. நிறம், எஞ்சின் இலக்கம் இரண்டும் புத்தகத்தில் உள்ளவை. மாற்றினால் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். போவது சொந்தக்காரர் வேலை. "இதுக்குப் போகவேணும்" என்று முதலே சொல்வது கடையின் வேலை.

12. "சத்தத்துக்குப் பொலிஸ் பிடிச்சா தண்டத்தை கடைக்காரர் கட்டுவாரா?"

மாட்டார். வீதியில் தண்டம் ஓட்டினவருக்கும் சொந்தக்காரருக்கும்தான். 2025 ஜனவரியில் அரசின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு சேர்த்து பஸ், முச்சக்கர வண்டிகளில் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழட்டச் சொன்னபோது, நடு ரோட்டில் நின்று கழட்டியது ஓட்டினவர்கள். பூட்டிக் கொடுத்த கடைகளைத் தேடி யாரும் போனதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் "ஒண்டும் செய்ய மாட்டாங்க, எத்தனை பேருக்குப் பூட்டியிருக்கிறம்" என்று சொல்லி விற்றவர் கையைக் கழுவ முடியாது. சில கடைகள் பில்லின் அடியில் "ஓஃப்ரோட் பாவனைக்கு மட்டும்" (பொது வீதிக்கு இல்லை) என்று சீல் அடிக்கும். கொழும்பில் ஓஃப்ரோட் எங்கே, காலிமுகத்திடலிலா? அந்தச் சீலைக் கண்டால் விஷயம் கடைக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

13. "இன்சூரன்ஸுக்குச் சொன்னா பிரீமியம் கூட்டுவாங்களே. சொல்லாம விட்டா என்ன?"

சொல்லாமல் விட்டால் பிரீமியம் கூடாது, கிளெய்மும் வராமல் போகலாம். காப்புறுதி ஒப்பந்தம் நிற்பதே இரண்டு பக்கமும் முக்கியமானதை மறைக்காது என்ற அடிப்படையில். எஞ்சின், சஸ்பென்ஷன், பிரேக் மாற்றியதை மறைத்தால் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கிறது. விலைகூடின ரிம்மும் ஓடியோவும் பொலிசியில் சேர்க்காவிட்டால் களவு போனபின் அவற்றுக்குக் காசு கேட்கவும் முடியாது. ஒரு ஈமெயில் போதும். பதிலையும் வைத்திருங்கள். இது கடையின் பொறுப்பு இல்லை, முழுக்க உங்களுடையது.

14. "புதுக் கார். எம்ப்ளிஃபயர் பூட்டினதால வொரன்டி போச்சு எண்டு ஏஜென்ட் சொல்றாங்க."

முதலில் வொரன்டிப் புத்தகத்தை வாசியுங்கள். அதில் எழுதியிருப்பதுதான் முடிவு. பொதுவாகப் பிரச்சினை எம்ப்ளிஃபயரில் இல்லை, வயரில். நல்ல ஆள் காரின் வயரை வெட்டமாட்டார், அதற்கென்ற சொக்கெட் வாங்கிப் போடுவார். பெட்டரியில் இருந்து வரும் வயரில் பெட்டரிக்குக் கிட்ட, 18 அங்குலத்துக்குள், ஃபியூஸ் வைப்பார். அவசரக்காரர் கம்பியை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவார். எங்கள் வெயிலுக்கு டேப்பின் பசை இளகி, ஒரு வருடத்தில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். வேலை முடிந்ததும் பனலை மூட முன் ஒரு படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விளங்கிக்கொள்ளலாம்.

ஹெட்லைட்டும் இதே கதை. எச்4 பல்பு 60/55 வொட். அதே வயரில் 100 வொட் போட்டால் ஐந்து அம்பியருக்குப் பதிலாக எட்டுக்கு மேல் ஓடும், ஹோல்டர் உருகும். ஹைபிரிட் என்றால் இன்னும் கவனம். எக்வாவின் பெரிய பெட்டரி 144 வோல்ட், அதன் வயர்கள் செம்மஞ்சள் நிறம். அந்த நிறத்துக்குக் கிட்ட துளை போட ட்ரில்லோடு வருகிற பெடியனிடம் இருந்து சாவியை வாங்கிவிடுங்கள்.

15. "ரீமேப் செய்து ஆறு மாசத்தில கியர்பொக்ஸ் போயிட்டுது. கடைதானே காசு தரவேணும்?"

இது உண்மையாகவே கஷ்டமான கேள்வி. ரீமேப் என்பது எஞ்சின் கம்பியூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. இங்கே ஆயிரம் சிசி டர்போ சிவிக் நிறைய வந்தது, வரி எஞ்சின் அளவைப் பார்த்ததால். அந்த எஞ்சினை ஐரோப்பாவில் மனுவல் கியரோடு விற்றபோது ஹொண்டா கொடுத்த டோர்க், அதாவது சுழற்றும் விசை, 200 நியூட்டன் மீட்டர். சி.வி.டி. என்ற ஓட்டோ கியரோடு 180. தயாரித்தவனே அந்தக் கியருக்கு என்று 20ஐக் குறைத்திருக்கிறான். லெப்டொப்பில் அதைத் திரும்ப ஏற்றி, மேலும் ஏற்றுகிறவர் "கியருக்கு ஆயுள் குறையும்" என்று சொன்னாரா? அதில்தான் விஷயம் நிற்கிறது.

சொன்னார், நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள் என்றால் பெரும்பகுதி உங்கள் தலையில். "ஒண்டும் ஆகாது, கெரன்டி" என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல்லைக் காட்டுங்கள். (மூன்றாம் கேள்வியில் தட்டி அனுப்பச் சொன்னது இதற்குத்தான்.) கியர் ஒயில் நேரத்துக்கு மாற்றினீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் பில் வேண்டும்.

16. "ஸ்டியரிங் மாத்தினாப் பிறகு எயார்பேக் லைட் எரியேல்ல. நல்லதுதானே?"

சாவி ஓன் பண்ணும்போது ஒருமுறை எரிந்து அணைகிறதா? அணைந்தால் மட்டும் போதாது. வெளியார் ஸ்டியரிங்கில் எயார்பேக்கே இருக்காது. கார் அதைக் கண்டுபிடித்து லைட்டை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எரியவில்லை என்றால் எயார்பேக் இருந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போட்டு காரை ஏமாற்றியிருக்கிறார்கள், அல்லது பல்பையே எடுத்துவிட்டார்கள். இரண்டாம் கேள்வியின் வீடியோவை இப்போது திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள்.

நீங்களே கேட்டுச் செய்வித்திருந்தாலும் இதைச் செய்த கடையை நான் மன்னிக்கமாட்டேன். அந்தக் காரை நாளைக்கு வாங்கப்போகிறவர் உங்கள் பேச்சுவார்த்தையில் இல்லை.

17. "நான் கடை வச்சிருக்கிறன். கஸ்டமர் கேட்டதைத்தானே செய்தனான், பிறகென்ன என்னைக் கேக்கிறது?"

அண்ணே, மேலே உள்ளதை ஒருக்கால் வாசியுங்கள். எயார்பேக், பிரேக், ஸ்டியரிங் மூன்றிலும் "கேட்டார், செய்தேன்" என்பது பதில் ஆகாது. தெரிந்தவர் நீங்கள்தான் என்றுதானே அவர் உங்களிடம் வந்தார். நுகர்வோர் சட்டமும் சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வீர்கள் என்ற உத்தரவாதம் சொல்லாமலே இருப்பதாக எடுக்கிறது.

மற்றப்பக்கம், விபத்தில் சேசிஸ் வளைந்ததை மறைத்து டிங்கர் அடித்த காரைக் கொண்டுவந்து "லோ பண்ணினதால இழுக்குது" என்கிறவர்களும் இருக்கிறார்கள். பூட்ட முன் எலைன்மென்ட் பிரின்ட் ஒன்று எடுத்துவையுங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு, ஒரு மாதச் சண்டை மிச்சம்.

18. "கூடுதலா பில் போட்டு, கட்டாட்டி காரைத் தரமாட்டன் எண்டு வச்சிருக்கிறான். அப்பிடி வச்சிருக்கேலுமா?"

பேசிய கூலி பாக்கி என்றால், ஓம், வைத்திருக்கலாம். ‘பாஸ்’ என்ற சொல்லை விட்டுப்போன அதே ஒல்லாந்தர்தான் இந்தச் சட்டத்தையும் விட்டுப்போனார்கள்: இன்னொருவரின் பொருளில் பாடுபட்டவர் கூலி கிடைக்கும்வரை அதைக் கையில் வைத்திருக்கலாம் என்பது உரோம டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. பொருளைக் கையைவிட்டுக் கொடுத்தால் அந்த உரிமையும் போகும். வைத்திருக்கிற காலத்தில் காரை ஓடவோ விற்கவோ அது அனுமதி இல்லை.

பேசாத கூடுதல் தொகைக்கு இது பொருந்துமா என்பதுதான் சண்டை. கார் அவசரம் என்றால் காசைக் கட்டி, "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லில் எழுதி, படம் எடுத்து, காரை எடுத்துவிடுங்கள். பிறகு கேட்கலாம். பொலிஸைக் கூட்டிப்போய் கேட்டில் நிற்பதால் பெரும்பாலும் அன்றைய நாள்தான் போகும்.

19. "எங்க போய் முறையிடுறது?"

முதலில் கடைக்கே எழுத்தில், ஒரு திகதி போட்டு. பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை; போன் 1977. போனில் சொன்னது போதாது. வேலை செய்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதலாம். கார்ட், பற்றுச்சீட்டு, படங்கள், வட்ஸ்அப் பிரதி எல்லாம் இணைத்தால் நான்கு பக்கக் கதை எழுதத் தேவையில்லை. "இன்றைக்கு வா, நாளைக்கு வா" என்று சிரித்துச் சிரித்து இழுக்கிற கடை அந்த மூன்று மாதத்தைத்தான் தின்கிறது.

பக்கத்து மத்தியஸ்த சபை இன்னொரு வழி. நீதிமன்றம் என்றால், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் கால எல்லை. எழுத்து ஏன் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு காரணம்.

20. "பேஸ்புக்கில படத்தோட போடட்டா?"

அதிகாரசபைக்கு எழுத முன் வேண்டாம். போட்டவுடன் கடைக்காரர் பேசுவதை நிறுத்திவிடுவார். நடந்ததை மட்டும் எழுதினாலும், கீழே கொமென்ட்டில் "கள்ளன்" என்று எழுதுவது உங்கள் மச்சான்தான். அதற்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

21. "கடைசியா ஒண்டு. நீங்க உங்கட காரை எங்க குடுக்கிறீங்க?"

நுகேகொடைப் பக்கம் ஒரு சின்னக் கடை. லிஃப்ட் இரண்டுதான், ஏசி அறை இல்லை. போன வருடம் ஷொக் மாற்றக் கொடுத்தபோது மத்தியானம் போன் வந்தது. கழட்டின போல்ட்டில் ஒன்று நூல் தேய்ந்திருக்கிறதாம், புதுசு 400 ரூபாய், போடவா என்றார். சாயந்தரம் போனபோது அந்தப் பழைய போல்ட் ஒரு சொப்பிங் பையில் முன் சீட்டில் இருந்தது. கடையின் பெயர் கேட்காதீர்கள். இப்போதே அவரிடம் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.